கணினி வரைந்த முகம் யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். வெளியூர் வாசகர்கள் கல்லையும் உளியையும் நினைத்துவிட வேண்டாம், இது ஒரு சிறு நூல். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி, தேவார திருவாசகம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாகக் கல்வெட்டு வடிவமைப்பதுதான் என் வேலை. எழுத்துப் பிழை வந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். படம் பிழைத்தால் பொறுக்காது.

சென்ற வருடம் ஓர் அக்கா வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். தாயார் எண்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார். கல்வெட்டில் தாயையும் தகப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். தாயின் படங்கள் நிறைய இருந்தன, எல்லாம் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எடுத்தவை. தகப்பன் 1984இல் காலமானவர். குடும்ப அல்பம் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. மிஞ்சியது அவருடைய அடையாள அட்டை மட்டும். தாயார் அதைக் கடைசிவரை தன் கைப்பைக்குள் வைத்திருந்தாராம். மஞ்சளாகிப்போன பிளாஸ்ரிக் உறைக்குள் முத்திரை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கன்னத்தின் குறுக்கே ஒரு கீறல்.

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் அதை ஏதோ ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உண்மையிலேயே நல்ல தெளிவு. தலைமயிர் இழை இழையாகத் தெரிந்தது, கண்மணியில் வெளிச்சம் பட்டு மின்னியது. அக்கா என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா அப்பா இப்பிடி இல்லை. ஆரோ ஒரு வாத்தியார் மாதிரிக் கிடக்கு."

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். மூலப் படத்தில் இடது புருவம் நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த காயம் என்றார் அக்கா. புதுப் படத்தில் இரண்டு புருவமும் அச்சொட்டாக ஒன்றுபோல. மீசை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது, அதுவும் சமமாகிவிட்டது. காதைப் பார்த்தால், மூலத்தில் அது வெறும் சாம்பல் நிறத் தடம். புதியதில் மடலும் மடிப்புமாக முழுக் காது. அந்தக் காது எங்கிருந்து வந்தது? யாருடைய காது அது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் கணினி படம் வரையத் தொடங்கிய கதைக்குள்ளே போகத்தான் வேண்டும். எழுபது வருடக் கதை. அதன் முதற்படமும் ஒரு குடும்பப் படம்தான் என்பதை நான் எப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தில் வேலை செய்த ரசல் கிர்ஷ் என்பவர், ஒரு புகைப்படத்தைக் கணினிக்குள் கொண்டுபோக ஒரு கருவி செய்தார். சுழலும் உருளையில் படத்தைச் சுற்றி, ஒளியால் புள்ளி புள்ளியாகத் தடவிப் பார்க்கும் கருவி. முதலில் அதில் சுற்றியது, பிறந்து மூன்று மாதமேயான தன் மகனின் படத்தை. ஐந்து சென்ரிமீற்றர் சதுரம். கணினிக்குள் போனது குறுக்கே 176, நெடுக்கே 176, மொத்தம் 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் ஒன்றும் இல்லை. வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை தடவி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் சாம்பல் நிறத்தை வரவழைத்தார்கள். இன்றைக்குச் சாதாரணத் தொலைபேசிக் கமெரா ஒரு படத்துக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளி எடுக்கிறது. ஆனால் வேலையின் சாரம் மாறவில்லை. படம் என்பது கட்டம் போட்ட கொப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். பிக்சல் என்று நாங்கள் சொல்வது அந்தக் கட்டத்தைத்தான். கட்டத்தைச் சதுரமாக வைத்தது பிழை என்று கிர்ஷ் முதுமையில் வருந்தி, வேறு வடிவங்களில் முயன்று பார்த்தார். அது காலம் கடந்த முயற்சி. உலகம் சதுரத்துக்குப் பழகிவிட்டது.

அடையாள அட்டைக்கு வருவோம். அதில் அந்த ஐயாவின் முகம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலம். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் ஸ்கான் செய்தால் முகத்தின் குறுக்கே 236 புள்ளி வரும். கண்ணுக்கு 45 புள்ளி தேறலாம். அவருடைய பார்வை முழுவதும் அந்த 45 புள்ளிக்குள்தான் இருக்கிறது. அதைக் கல்வெட்டின் முழுப்பக்கத்துக்குப் பெருப்பித்தால் இடையில் இல்லாத புள்ளிகளை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். பழைய மென்பொருட்கள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுத்து நிரப்பின. படம் மங்கும், பஞ்சு மாதிரி ஆகும். ஆனால் அந்த மங்கலுக்குள் இருப்பது முழுக்க அவருடைய முகம். வேறு ஒருவரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள்.

கணினி தானாகப் படம் வரையத் தொடங்கியது வேறு ஒரு வழியால். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பென் லாபோஸ்கி என்பவர், மின் அலையைக் காட்டும் அலைகாட்டித் திரையில் அலைகளைப் பின்னிப் பிணைத்து, அந்த ஒளிக்கோடுகளைப் படமெடுத்தார். அப்புறம் 1965இல் மூன்று கண்காட்சிகள். பெப்ரவரியில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் கியோர்க் நீஸ், ஏப்ரலில் நியூயோர்க்கில் மைக்கல் நோலும் பேலா யூலஸும், நவம்பரில் மறுபடி ஸ்ருட்கார்ட்டில் பிரீடர் நாக்கே. இவர்கள் கணிதமும் விஞ்ஞானமும் படித்த ஆட்கள். தூரிகை பிடித்தவர்கள் அல்லர். கணினிக்கு விதி எழுதிக் கொடுத்தார்கள், வரைபொறியின் பேனை அந்த விதிப்படி தாளில் ஓடியது.

நீஸ் வரைந்த ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'சரளை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. குறுக்கே 12, நெடுக்கே 22 என்று சதுரங்கள். மேல் வரிசை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நிற்கும். கீழே வர வர ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் விலகும். கடைசி வரிசைகளில் லொறியிலிருந்து கொட்டிய கல்லைப்போலச் சிதறிக் கிடக்கும். விதி மிகவும் எளிது: கீழே போகப் போகத் தற்செயல் எண்ணின் பலத்தைக் கூட்டு. அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போது ஒழுங்கு எப்படிக் குலைகிறது என்பது கண்ணாலேயே விளங்குகிறது. எங்கள் ஊரில் குலைந்த வீதிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் படம் வெறும் கணக்காகத் தெரிவதில்லை.

நோல் செய்தது இன்னொரு மாதிரி. பெல் ஆய்வுகூடத்தில் இருந்த அவர், பியட் மொந்திரியான் 1917இல் வரைந்த கோட்டு ஓவியம் ஒன்றைப்போலக் கணினியை வரையவைத்தார். இரண்டையும் நூறு பேருக்குக் காட்டினார். எது கணினியின் படம் என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர் மட்டும். 59 பேருக்குக் கணினியின் படமே பிடித்திருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் காட்டி "எது உண்மை, கண்டுபிடியுங்கள்" என்று கேட்கும் விளையாட்டு அறுபது வருடப் பழசு.

வேரா மொல்னார் என்ற பெண் ஓவியரை இங்கே விட்டுவிட முடியாது. ஹங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்து, 2023இல் தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானவர். கணினி கைக்கு எட்டாத 1959இலேயே, தனக்குள் ஒரு கற்பனை இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொண்டு, தாளில் விதி எழுதி, அந்த விதி சொன்னபடி கையால் வரைந்தார். 1968இல் உண்மையான கணினி கிடைத்தபோது அவருக்குப் பெரிய திகைப்பு ஒன்றும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். வேலை பழக்கமானதுதானே.

அவர் கற்பனையில் வைத்திருந்த இயந்திரம் எங்கள் முற்றங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. தைப்பொங்கலன்று விடியப்புறம் முற்றம் மெழுகி, அரிசி மாவால் புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிக் கோடு இழுத்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து முடிக்கும் அம்மம்மாக்கள் செய்தது விதிப்படி வரைதல்தான். மூன்று புள்ளிக்குத் தெரிந்தால் ஐந்துக்குப் போடலாம், ஐந்துக்குத் தெரிந்தால் ஏழு. வடிவத்தை எவரும் மனப்பாடம் செய்வதில்லை, வளரும் முறையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974இல் இதைக் கணினி அறிவியலாகவே எழுதினார்கள். கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, மொழிக்கு இருப்பதைப்போல. சிறு துண்டுகளை எந்த வரிசையில் எந்த இடத்தில் மாற்றி எழுதினால் கோலம் வளரும் என்று அந்த இலக்கணத்தை வகுத்தார்கள். பின்னாளில் செடிகொடிகள் கிளைவிடுவதைக் கணினியில் வளர்த்துக் காட்டிய ஆய்வாளர்கள், கண்ணன் சிலம்பு என்ற கோலத்தை எடுத்துக்காட்டாகக் காட்டியிருக்கிறார்கள். கணினிப் படத்தின் வரலாற்றில் தமிழ்ப் பெண்களின் கைவேலைக்கு ஓர் இடம் இருக்கிறது. இதை எங்கள் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோலமும் சரி, நீஸின் சரளையும் சரி, ஒரு விடயத்தில் ஒன்று. "இந்தக் கோடு ஏன் இங்கே திரும்பியது?" என்று கேட்டால் பதில் இருக்கும். விதியைக் காட்டலாம். விதி எழுதிய ஆளையும் காட்டலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு முப்பது வருடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனையால் திரையிலேயே வரையும் முறையைச் செய்து காட்டினார். 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண உருவங்களுக்குக் கணக்கால் ஒளியும் நிழலும் கொடுக்கக் கற்றார்கள். வழவழப்பான பொருளில் ஒளி மின்னும் புள்ளியைக் கணக்கிட்ட புய் துவாங் பொங் வியட்நாமியர், இளமையிலேயே இறந்துபோனவர். 1975இல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கேத்தலை அளந்து கணினிக்குள் வைத்தார், இன்றுவரை அது முப்பரிமாணக்காரர்களின் பரிசோதனைப் பொருள். 1980களில் கென் பேர்லின், கல்லின் சொரசொரப்பையும் முகிலின் கலைவையும் தரும் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். இவை எல்லாம் சேர்ந்துதான் திரைப்படத்துக்குள் போயின. முழுவதும் கணினியிலேயே செய்த முதல் முழுநீளத் திரைப்படமான டாய் ஸ்டோரி 1995 நவம்பரில் வெளிவந்தது.

1995 நவம்பர். அதற்கு முதல் மாதம் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டு அல்பம் போனது அப்போதுதான். உலகத்தில் படம் கணினிக்குள் குடிபுகுந்த காலமும், எங்கள் படங்கள் அழிந்த காலமும் ஒன்று. போட்டோஷொப்பின் முதற்பதிப்பு 1990 பெப்ரவரியில் வந்தது, தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்களின் வேலை அது. அதே வருடம் ஜூனில் இங்கே யுத்தம் மறுபடி தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பல வருடம் வரவில்லை.

அந்த வருடங்களில் நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் அளந்து விட்ட மண்ணெண்ணெய், ஒரு திரி. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. வானொலி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். அந்த நிலையிலும் ஸ்ரூடியோக்கள் முழுவதும் மூடப்படவில்லை, அடையாள அட்டைக்கும், குடாநாட்டை விட்டு வெளியே போக எடுக்கும் பாஸுக்கும் படம் தேவைப்பட்டதே. எனக்குத் தொழில் பழக்கிய ஐயா நெகற்றிவின் மேல் கூரிய பென்சிலால் ரச்சிங் செய்தவர். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் மெல்லக் குறைப்பார், முழுக்க எடுக்க மாட்டார். "முழுக்க எடுத்தா வீட்டுக்காரர் ஆளை மட்டுக்கட்ட மாட்டினம்" என்பார். அந்த ஒரு வரிதான் நான் படித்த பெரிய பாடம்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து கணினிகள் வரத்தொடங்கின. கூடவே போட்டோஷொப் வந்தது, பாமினி எழுத்துருவில் எங்கள் தட்டச்சு நடந்தது. படத்தைத் தொட்டு மாற்றும் வேலை ஒரே மூச்சில் இருட்டறையிலிருந்து திரைக்கு வந்துவிட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் மிகவும் கேட்கப்பட்ட வேலை எது தெரியுமா? ஒட்டுப்படம். மூத்தவன் லண்டனில், இளையவன் சுவிஸில், தகப்பன் செத்து எட்டு வருடம், தாய் கோப்பாயில். நால்வரும் ஒரே வரிசையில் நிற்கும் குடும்பப்படம் வேண்டும். செய்து கொடுத்தோம். லண்டன்காரரின் முகத்தில் வெளிச்சம் இடமிருந்து விழும், மற்றவர்களுக்கு வலமிருந்து. சுவிஸ் தம்பி குளிர்ச் சட்டையோடு நிற்பார், பின்னால் பனை. சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படங்களை இப்போதும் வீடுகளில் காணலாம்.

அந்த ஒட்டுப்படங்களைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒட்டு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முகமும் உரியவருடைய முகம். நாங்கள் சேர்த்தது, அவர்களுக்கு இடையில் இருந்த தூரத்தை மறைக்கும் ஒரு சட்டம் மட்டும்தான். கனடாவிலிருந்து வந்த தெளிவான படத்தில் நடந்தது வேறு. அங்கே ஒட்டு தெரியவில்லை, முகம் மாறிவிட்டது.

எப்படி மாறியது? இங்கேதான் விதி என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டுப் பழக்கம் என்ற சொல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்த கருவிகளுக்கு எவரும் "காது இப்படி இருக்கும்" என்று விதி எழுதிக் கொடுக்கவில்லை. படங்களைக் கொட்டிப் பழக்கினார்கள். 2014இல் இயன் குட்பெலோவும் சகாக்களும் பழக்கிப் பழக்கித் தேற்றும் கணினி நிரல்களான இரண்டு வலையமைப்புகளை மோதவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒன்று போலிப் படம் செய்யும், மற்றது போலியைப் பிடிக்கும். பிடிபடப் பிடிபட முதலாவது தேறிக்கொண்டே வரும். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரையான 15,000 ஐரோப்பிய உருவ ஓவியங்களைக் கொடுத்து இப்படிப் பழக்கி எடுத்த, பாதி கலைந்த முகம் ஒன்றை 2018 ஒக்ரோபரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 4,32,500 டொலருக்கு விற்றது. விலையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 15,000 என்ற எண். அந்த முகத்துக்குப் பின்னால் 15,000 முகங்கள் நிற்கின்றன.

இப்போதைய படக்கருவிகள் பெரும்பாலும் நடப்பது இன்னொரு முறையில். அதை விளக்க எங்கள் ஊரிலேயே நல்ல உவமை உண்டு. 80களில் உயரமான குழாயில் அன்ரனா கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் இந்தியத் தூரதர்ஷனைப் பிடித்தவர்களுக்குத் திரையில் புழு மேய்வது நினைவிருக்கும். ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்புவார், உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவோம். புழுக்களுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல எழும்பி வரும். புதிய கருவியும் புழுவிலிருந்துதான் தொடங்குகிறது. பழக்கும்போது நல்ல படத்தில் படிப்படியாகப் புழுவைச் சேர்த்து முழுக்கக் கலைத்துவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் எது புழு, எது படம் என்று கண்டுபிடிக்க இயந்திரத்தைப் பழக்குவார்கள். பிறகு வெறும் புழுவை மட்டும் கொடுத்து, ஒரு வசனத்தையும் கொடுத்தால், புழுவைக் களைந்து களைந்து படம் கொண்டுவரும். 2015இல் முளைத்த இந்த எண்ணம் 2020இல் நன்றாகத் தேறி, 2022இல் டால்-இ 2, மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிபியூஷன் என்று சனத்தின் கைக்கு வந்தது.

உவமை ஓரிடத்தில் உடைகிறது. தூரதர்ஷன் முகம் எழும்பி வந்ததற்குக் காரணம், கடலுக்கு அப்பால் உண்மையில் ஒருவர் கமெராவுக்கு முன்னால் இருந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். இங்கே அப்படி எவரும் இல்லை. சமிக்ஞை என்று ஒன்று வெளியிலிருந்து வரவில்லை. வருவது, முன்பு பார்த்த கோடிக்கணக்கான படங்களின் பழக்கம்.

பழைய முகப்படங்களைத் திருத்தும் கருவிகளிலும் இதே கதை. 2021இல் வெளிவந்து பரவலாகப் பயன்படும் ஜிஎப்பிகான் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அதைப் பழக்கியது பிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 நல்ல முகப்படங்களை வைத்து. அந்த நல்ல படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கி, புழு சேர்த்து, சிதைத்து, "இதைத் திரும்ப நல்லதாக்கு" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கினார்கள். இப்படிப் பழகிய இயந்திரத்துக்கு மங்கல், கீறல், குறை எல்லாம் படத்துக்கு வந்த சேதம், அதன் பின்னால் ஒரு குறையற்ற முகம் இருக்கிறது. இப்போது அந்த ஐயாவின் புருவத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் விட்டுப்போன இடம் அட்டையில் ஏற்பட்ட கீறலா, ஆறு வயதில் கிணற்றடியில் விழுந்த காயமா என்று இயந்திரம் எப்படி அறியும்? இரண்டும் அதற்கு ஒன்று. காயத்தையும் கீறலையும் சேர்த்தே துடைத்துவிட்டது. காது இருந்த இடத்தில் தகவல் இல்லை, ஆகவே இருப்பதற்கு அதிகம் சாத்தியமுள்ள ஒரு காதை வைத்தது. பிளிக்கரில் படம் போட்டவர்களின் காதுகள் எல்லாம் சேர்ந்து செய்த காது அது. அதில் எத்தனை பேர் 1930களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த கமக்காரர்?

"ஆரோ ஒரு வாத்தியார்" என்று அக்கா சொன்னது அவ்வளவு சரி. இயந்திரம் கொடுத்தது யாரோ ஒருவரைத்தான்.

முகத்துக்கு நடப்பது வீட்டுக்கும் நடக்கிறது. ஸ்டேபிள் டிபியூஷனின் முதற்பதிப்புகளைப் பழக்கியது லையோன் என்ற தொகுப்பிலிருந்து. இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வசனம். அந்த வசனங்களில் 230 கோடிக்கு மேல் ஆங்கிலம். நூற்றுக்கு மேற்பட்ட மற்ற மொழிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 220 கோடி. முதற்பதிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வசனமுள்ள பகுதியிலேயே பழகின. ஒரு நாள் ஆசைப்பட்டு யாழ்ப்பாணத்துப் பழைய வீடு கேட்டுப் பார்த்தேன். வந்தது அழகான வீடு. சரிந்த ஓட்டுக்கூரை, சுற்றிவரத் தென்னை, முன்னால் ஓர் ஓடை. கேரளத்து உல்லாச விடுதி விளம்பரம் மாதிரி. எங்கள் ஊரில் எங்கே ஓடை? சங்கடப்படலை இல்லை, தெருவில் போகிறவர் மழைக்கு ஒதுங்கக் கூரை போட்ட அந்தப் படலை. கிடுகு வேலி இல்லை. நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு இல்லை. கிணற்றடியில் துலா இல்லை. பனை கேட்டுக் கேட்டு வாங்கினேன், அதுவும் தென்னங்கீற்றோடு வந்தது. இன்னும் ஒரு பரிசோதனையாக வாசலில் பெயர்ப்பலகை கேட்டேன். தமிழ் எழுத்துப்போலத் தெரிந்தது, வாசித்தால் ஒரு எழுத்தும் எழுத்தாக இல்லை. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் ஒரு கோல வடிவம், அதுவும் இலக்கணம் தெரியாத கோலம்.

இதற்காகக் கருவியைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அது பார்க்காததை அது வரையாது. 1965இல் ஸ்ருட்கார்ட் ஓவியர்கள் கணினியைப் பார்த்துக் கோபப்பட்டார்கள் என்றால், இயந்திரம் எங்கள் இடத்துக்கு வருகிறதே என்ற கோபம் அது. 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்ட ஓவியர்களின் கோபம் வேறு. அவர்களின் படங்களைக் கேளாமல் எடுத்துப் பழக்கினார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன். எங்கள் நிலைமை மூன்றாவது மாதிரி. எங்களிடமிருந்து எடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்ததில் பாதி எரிந்தது, பாதி தொலைந்தது. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மட்டும் ஏறக்குறைய 97,000 நூல்கள் என்பார்கள். வீடுகளில் போன அல்பங்களுக்குக் கணக்கே இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற கலைநூலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி வாங்கினார் அவர். அவர்கள் வரைந்தது கோணலும் மாணலுமாக இருக்கும், கிணறு பெரிதாக, அறை சிறிதாக. அந்தப் படத்தின் மேல் கட்டடக் கலைஞர் முறையாக வரைந்த நிலப்படம் வரும், அப்புறம் சனாதனனின் சொந்த ஓவியம். மூன்றும் தனித்தனித் தாள். ஞாபகம் எது, அளவு எது, ஓவியனின் கற்பனை எது என்று புரட்டும்போது தெரியும். தெளிவாக்கும் செயலி இந்த மூன்றையும் ஒரே தாளில் கரைத்துத் தருகிறது. அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

செயலியை நானும் பாவிக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. பின்னணியில் இருக்கும் குப்பையை எடுக்க, கிழிந்த சேலைக்கரையை நிரப்ப, நிறம் போன வானத்தை மீட்க அது நல்ல உதவி. முகத்தில் மட்டும் விடுவதில்லை. இன்னொன்றும் செய்கிறேன். கல்வெட்டுக்குப் படம் கொண்டுவருபவர்களிடம் மூலப்படத்தைத் தொடாமல் அப்படியே ஸ்கான் செய்து, பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து ஸ்கான் செய்து, ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிடுவேன். பெயர், ஊர், வருடம் தெரிந்தால் பைலின் பெயரிலேயே எழுதுவேன். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் பகுதிக் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் பக்கம் பக்கமாக ஏறியிருக்கின்றன. ஒரு கிராமத்தின் முகங்களை இனி எவராவது தேடினால் அங்கேதான் தேட வேண்டியிருக்கும். அதில் போய்ச் சேரும் முகம் உரியவருடையதாக இருக்க வேண்டுமே என்பது என் கவலை.

சரி, அந்த ஐயாவின் படத்துக்கு என்ன செய்தோம்? அட்டையை 1200 புள்ளியில் ஸ்கான் செய்தேன். கன்னத்தின் கீறலைக் குளோன் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், பக்கத்துத் தோலிலிருந்து மட்டும். அரைநாள் போனது. புருவத்தைத் தொடவில்லை. காதைச் சாம்பல் தடமாகவே விட்டேன். இவ்வளவு செய்தும் முழுப்பக்கத்துக்குப் படம் தாங்காது என்று தெரிந்தது. ஆகவே முன்பக்கத்தில் இரண்டு படங்களையும் சிறிதாக்கி, அகலம் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் வைத்து, சுற்றிவர நிறைய வெள்ளை விட்டோம். தாயின் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினேன், இல்லாவிட்டால் அவர் இன்றையவராகவும் இவர் அன்றையவராகவும் தனித்தனியே நின்றிருப்பார்கள். முதற்பிரதியைக் கையில் எடுத்த அக்கா தகப்பனின் படத்தில் பெருவிரலை வைத்து, புருவம் விட்டுப்போன இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நூற்றைம்பது பிரதி போடச் சொன்னார்.